அவித்த நெல்லைச் சுமக்கும் பெல்ட்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் புழுங்கல் அரிசி ஆலை நடத்துபவர்கள், நெல்லை வாளிகளில் அள்ளி மேலே ஏற்றும் எலிவேட்டருக்குப் பெல்ட் வாங்கும்போது, அகலம் எவ்வளவு, உள்ளே துணி எத்தனை அடுக்கு என்பவற்றைத் தவறாமல் கேட்கிறார்கள். சூட்டைத் தாங்குமா என்று கேட்டால் "150 பாகை வரை பயமில்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் கொடுக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து.

இயற்கை இறப்பர் நம் நாட்டுப் பொருள்தான். 1876 இல் ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளிலிருந்தே இத்தீவின் இறப்பர்ச் செய்கை தொடங்கியது. ஆயினும் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் நிறைந்திருக்கும் இரட்டைப் பிணைப்புகளை, சூடு ஏற ஏற ஒட்சிசன் எளிதில் தாக்குவதால், இழுவைக்கும் தேய்மானத்துக்கும் நன்கு ஈடுகொடுக்கும் அந்த இறப்பர் வெப்பத்துக்கு மட்டும் ஈடுகொடுப்பதில்லை. எஸ்.பி.ஆர். என்னும் செயற்கை இறப்பர் சற்று மேலான சூட்டைத் தாங்கும். ஆனால் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். ஈ.பி.டி.எம். என்னும் இன்னொரு செயற்கை இறப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லை என்பதால் உயர்ந்த வெப்பத் தரப் பெல்ட்டுகளின் மேலுறை பெரும்பாலும் அதனாலேயே ஆகிறது.

ஐ.எஸ்.ஓ. 4195 என்னும் தரநியமம் மேலுறை இறப்பரை 100, 125, 150 பாகை செல்சியஸ் என வகுக்கிறது. இறப்பர்த் துண்டைக் குறித்த வெப்பநிலையில் 7 நாட்கள் அடுப்பில் வைத்து, அதன் கடினமும் இழுவலிமையும் எவ்வளவு மாறின என்று பார்ப்பதே சோதனை. ஆகவே அந்த எண் இறப்பர் அடையும் சூட்டைக் குறிக்கிறதே தவிர, பெல்ட்டில் விழும் பொருளின் சூட்டை அல்ல. இரண்டும் ஒன்றல்ல. முருங்கன் களிமண் சேர்த்துக் காங்கேசன்துறையில் சீமெந்து செய்த காலத்துக் கிளிங்கரை, அதாவது அரைத்துச் சீமெந்தாக்குவதற்குச் சூளையில் சுட்டெடுத்த கட்டியை, எண்ணிப் பாருங்கள்: கட்டியாக வரும் கிளிங்கர் பெல்ட்டைச் சில புள்ளிகளில் மட்டுமே தொடும், இடையில் காற்று நிற்கும். அதே சூட்டில் தூள் வந்தால், சுடுசோற்றை இலையில் பரப்பியது போல முழுப்பரப்பிலும் படிந்து வெப்பத்தை இறக்கிவிடும். நீண்ட திறந்த பெல்ட் திரும்பி வரும் வழியில் ஆறிக்கொள்வதும் கணக்கில் சேர வேண்டியதே.

நம் ஆலைகளின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. திறந்த தொட்டியில் நீராவியால் அவிந்து இறங்கும் நெல் 100 பாகையைத் தாண்டுவதில்லை. ஆனால் எலிவேட்டர் மூடிய தகரக் கூட்டுக்குள் ஓடுவதால் பெல்ட்டுக்கு ஆறும் வழியில்லை. ஆவியும் ஈரமும் கூடவே நிற்கின்றன. வாளிகளைப் பூட்ட நெடுகத் துளையிட்டிருப்பதால், மேலுறை எவ்வளவு உயர்ந்த தரமானாலும் அத்துளைகள் வழியே சூடான ஈரம் உள்துணிக்குள் இறங்குகிறது. பருத்தி உக்கும், நைலோன் ஈரம் குடித்து நீளும், பொலியெஸ்டர் கூடச் சூடும் ஈரமும் சேர்ந்து நின்றால் நாளடைவில் வலுவிழக்கும். பழைய பெல்ட்டின் ஓரத்தில் கத்தியால் கீறி இழுத்துப் பார்த்தால், மேலுறை வெடிப்பில்லாமல் பளபளப்பாக இருக்க, ஒட்டு விட்ட அடுக்குகள் தாள் தாளாகப் பிரிந்து வருவதைக் காணலாம். அந்த இடத்தில் 150 பாகை என்ற முத்திரை எந்த உதவியும் செய்யவில்லை. அதற்குச் செலவிடும் பணத்தை நல்ல ஒட்டுவலுவுள்ள உள்துணிக்கும், துளை வாய்களை அடைக்கும் இறப்பர் வாசருக்கும், கூட்டின் உச்சியில் ஆவி வெளியேறும் ஒரு குழாய்க்கும் கொடுப்பது மேல்.

தவிட்டுப் பக்கம் ஓடும் பெல்ட்டுக்கு ஈ.பி.டி.எம். வாங்கவே வேண்டாம். தவிட்டெண்ணெய் பட்டால் அது ஊதிப் போகும். அங்கே எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் என்னும் செயற்கை இறப்பர்தான் நிற்கும். கொதிகலனின் உமிச் சாம்பலை எந்த இறப்பர்ப் பெல்ட்டிலும் போடக்கூடாது. சாம்பலுக்குள் மறைந்திருக்கும் தணல் எந்தத் தரத்தையும் துளைத்துவிடும் என்பதால் உள்ளே திருகு சுழன்று சாம்பலைத் தள்ளும் இரும்புத் திருகுக் குழாயே பொருத்தம்.

மின்சாரம் நின்றுவிட்டால் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. எலிவேட்டரின் அடியில் நெல் விழும் அடிப்பெட்டியின் கதவைத் திறந்து, வாளிகளிலும் அடியிலும் தேங்கிய சூடான நெல்லை வெளியே இறக்கிவிட வேண்டும். ஓடும் பெல்ட் சூட்டைத் தன் நீளம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். நின்ற பெல்ட் அடிப்பெட்டிக்குள் ஒரே இடத்தில் வேகும். ஏறத்தாழ 10 பாகை கூடினால் இறப்பர் மூப்படையும் வேகம் இரட்டிக்கும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு.

மேலதிகமாக வாங்கிய பெல்ட்டைச் சுருளாகவே, வெயில் படாத அறையில், நிலத்தில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். மோட்டார் ஓடும் அறை அதற்கு ஏற்றதல்ல. அங்கே மோட்டாரின் மின்பொறியால் உண்டாகும் ஓசோன் வாயு இறப்பரில் நுண்வெடிப்புகளை ஏற்படுத்தும்.