ஃபீல்டுக்கு அனுப்பினால் கலங்காதீர்கள்: நிதி நிறுவனத்தில் டிரெய்னியாகச் சேர்பவர்களுக்கு

வாகனக் கடன் தரும் நிறுவனத்தின் நாமக்கல் கிளையில் சேர்ந்த மூன்றாம் நாள் மேலாளர் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். அந்த மாதம் தவணை தவறிய 42 பேரின் பெயர், ஊர், வண்டி எண், பாக்கித் தொகை. "ஹெல்மெட் இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எம்.பி.ஏ. நிதிப் பிரிவில் நல்ல மதிப்பெண், வளாக நேர்காணலில் வேலை, ஆர்டரில் 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்ற பதவி. இவ்வளவுக்கும் பிறகு வீடு வீடாகப் போய்த் தவணை வசூலிக்கும் கலெக்ஷனா என்று அன்று இரவு அம்மாவிடம் போனில் அழாத குறைதான். இப்போது யாருக்குக் கடன் தரலாம் என்று பார்க்கும் கிரெடிட் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வு. பெரும்பாலும் ஆப்டிட்யூட், குழு விவாதம், அப்புறம் ஒன்றிரண்டு நேர்காணல். ஆப்டிட்யூடுக்கு வங்கித் தேர்வுக்குப் படித்ததே போதும். நேர்காணலில் பலர் தடுமாறுவது ஓர் எளிய கேள்வியில்: "வங்கிக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?" வங்கி சாராத நிதி நிறுவனம் சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு போல, கேட்டவுடன் எடுக்கும் வைப்புகளை வாங்க முடியாது. தன் பெயரில் காசோலை தர முடியாது. வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு இங்கே போடும் வைப்புக்குக் கிடையாது. கடன் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வங்கிகளிடம் வாங்கியதாகவோ கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டியதாகவோ இருக்கும். அதனால் வசூல் தாமதமானாலும் நிறுவனம் தான் கட்ட வேண்டியதைக் கட்டியே ஆக வேண்டும். இந்தக் கடைசி வரியைப் புரிந்து சொன்னால், வசூல் ஏன் அந்த நிறுவனத்தின் உயிர் என்பதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆர்டர் கைக்கு வந்ததும் நிதானமாகப் படியுங்கள். சம்பளத்தில் எவ்வளவு நிலையானது, எவ்வளவு இன்சென்டிவ், இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் ஒப்பந்தம் உண்டா, பெட்ரோல் அலவன்ஸ் கிலோமீட்டர் கணக்கா என்பதையெல்லாம் சேரும் முன்பே கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டினால் போதும். இருசக்கர வாகன லைசென்ஸ் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். பெண்களுக்கும் இதையே சொல்வேன். என் பேட்ச்சில் நன்றாகக் கலெக்ஷன் செய்தவர்களில் இருவர் பெண்கள்.

சரி, ஃபீல்டுக்கு வருவோம். தவணை தவறி எத்தனை நாள் ஆயிற்று என்று கடன்களைப் பிரிக்கும் பக்கெட் கணக்கு முதலில் மனதில் பதிய வேண்டும். தவணை தவறி 30 நாள் வரை ஒரு பக்கெட், 31 முதல் 60 வரை அடுத்தது, 61 முதல் 90 வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதற்குப் பின் ஒரு தவணையை மட்டும் கட்டி அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வர முடியாது. தவறிய தவணைகளின் பாக்கி முழுவதையும், அசலும் வட்டியுமாகக் கட்டினால்தான் கணக்கு மீண்டும் சரியான நிலைக்கு வரும். இதைக் கடன் வாங்கியவரிடம் 60 நாளிலேயே பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மிரட்டுவதைவிட இது வேலை செய்யும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக யாரையும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மாதக் கடைசியில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதை மீறாதீர்கள்.

என் பட்டியலில் சேந்தமங்கலம் சாலைப் பக்கம் ஒரு லாரிக்காரர் இருந்தார். மூன்று வருடமாகத் தவணை கட்டுகிறார். ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே ஒன்றிரண்டு மாதம் தவறுகிறது. கணினியில் பார்த்தால் ஒழுங்கில்லாதவர் என்றுதான் தோன்றும். வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி நின்றது. பின் அச்சுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, தேய்ந்த டயர்களைக் கழற்றி ரீபட்டன் போட, அதாவது மேலே புது ரப்பர் ஒட்ட, அனுப்பியிருந்தார்கள். கேபின் கதவில் பழைய பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் தகரம் பளபளத்தது. அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எஃப்.சி. வேலைங்க தம்பி. வண்டி ஓடாதப்ப எங்கிருந்துங்க கட்டுறது?"

எஃப்.சி. என்பது வண்டியின் தகுதிச் சான்று. எட்டு வருடத்தைக் கடந்த லாரிக்கு அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்காகப் பெயின்ட், பாடி வேலை, டயர், பிரேக் என்று வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும். அந்த நேரத்தில் வருமானம் இல்லை, செலவு மட்டும் உண்டு. இன்சூரன்ஸும் சாலை வரியும் அதே சமயத்தில் சேர்ந்துகொண்டால் ஒற்றை வண்டிக்காரர் எப்படிச் சமாளிப்பார்? அடுத்த மாதம் டிரிப் தொடங்கியதும் அவர் இரண்டு தவணையைச் சேர்த்துக் கட்டினார். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காத ஒன்று இது.

இவ்வளவு பார்த்த பிறகும் நான் தவறு செய்தேன். ஏழாம் மாதம் கிரெடிட்டுக்கு மாற்றினார்கள். பழைய லாரி வாங்க ஒருவர் கேட்ட ஃபைல் வந்தது. பழைய கடன்களைக் கட்டிய விதத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண் நன்றாக இருந்தது, வங்கிக் கணக்கில் பணமில்லாமல் திரும்பிய பவுன்ஸ் இல்லை, சொந்த வீடு. பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தவணை வந்தது, மூன்றாவது பவுன்ஸ். மேலாளர் ஃபைலைத் திருப்பி என் முன்னால் வைத்து, "எஃப்.சி. எப்ப முடியுதுன்னு பாத்தீங்களா?" என்றார். கடன் கொடுத்த நாளிலிருந்து பத்து வாரத்தில் முடிந்திருந்தது. ஃபீல்டில் கண்ணால் பார்த்ததை நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டேன். அந்த மனிதரும் தேவையில்லாமல் சிரமப்பட்டார். தவணையை மூன்று மாதம் தள்ளித் தொடங்கியிருந்தால் அவருக்கு அந்தக் கெட்ட பெயரே வந்திருக்காது. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று, வட்டிக் கணக்கு. வாகனக் கடனில் 'ஃபிளாட்' வட்டி என்று பேசுவார்கள். 5 லட்சம், 3 வருடம், 10 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி ஒன்றரை லட்சம், மாதத் தவணை சுமார் 18,056 ரூபாய். ஆனால் மாதாமாதம் அசல் குறைகிறது அல்லவா? குறையும் பாக்கி மேல் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம். இதை எக்செல்லில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்குத் தரும் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் உண்மையான ஆண்டு வட்டியையும் கட்டணங்களையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பது கட்டாயம். அந்தத் தாளை வாடிக்கையாளருக்கு அவர் மொழியில் விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

டிரெய்னிங் முடிவில் எந்தப் பிரிவு வேண்டும் என்று ஒரு குழு கேட்கும். என்னிடம் கேட்டபோது ஸ்லைடு எதையும் காட்டவில்லை. ஃபீல்டில் வைத்திருந்த நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் தவணை ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதியிருப்பேன்: எஃப்.சி., வாடகைப் பணம் வரவில்லை, டிரைவர் கிடைக்கவில்லை, மகள் கல்யாணம். நீங்களும் முதல் நாளே அப்படி ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் அடங்கும் அளவில் இருக்கட்டும். வண்டியிலிருந்து இறங்கியதும், அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் எழுதிவிட வேண்டும்.