ஆன் ஆகாத மானிட்டர்: வீங்கிய கெப்பாசிட்டர் இரண்டு, வீங்காதது ஒன்று

22 இன்ச் மானிட்டர், பதினொரு வருடப் பழசு. போன மாதம் ஒரு காலையில் பட்டனை அழுத்தினால் நீல லைட் ஒரு முறை சிமிட்டிவிட்டு அணைந்தது, மறுபடி சிமிட்டியது, மறுபடி அணைந்தது. பின்பக்கம் காதை வைத்துக் கேட்டால் ‘டிக்… டிக்… டிக்’ என்று நொடிக்கு ஒரு தடவை சின்னதாக ஒரு சத்தம். படம் வரவே இல்லை.

திடீரென்று போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மூன்று நான்கு மாதமாகவே முரண்டு பிடித்துக்கொண்டுதான் இருந்தது. முதலில் இரண்டாவது அழுத்தில் வந்தது, அப்புறம் ஐந்தாறு தடவை அழுத்த வேண்டியிருந்தது, கடைசி இரண்டு வாரம் பட்டனை அழுத்திவிட்டுப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தால்தான் படம் வந்திருக்கும். ஒருமுறை சூடேறிவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடும், அதனால் பட்டன்தான் தேய்ந்துவிட்டது என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். குளிர்ந்திருக்கும்போது மக்கர், சூடானால் சரி என்பது பட்டன் செய்கிற வேலையே இல்லை. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன்னால் வெளியிலிருந்து பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். இதில் முக்கியமான ஒன்று: கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் கேபிளை மட்டும் வைத்து ஆன் செய்வது. மானிட்டர் நன்றாக இருந்தால் ‘சிக்னல் இல்லை’ என்று அதுவே திரையில் சொல்லும். அப்படிச் சொல்லிவிட்டால் கோளாறு பெரும்பாலும் கம்ப்யூட்டர் பக்கம்தான்: ரேம் சரியாக உட்காரவில்லை, கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறோம், மானிட்டர் மெனுவில் வேறு இன்புட் தேர்வாகியிருக்கிறது, இப்படி ஏதாவது. எனக்கு அந்த வரியே வரவில்லை. வேறு பவர் கேபிள் மாற்றினேன், வேறு பிளக் பாயிண்ட் பார்த்தேன், கேபிளைப் பிடுங்கிவிட்டு பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தும் பார்த்தேன். ம்ஹூம். இருட்டில் டார்ச் அடித்தும் பார்த்தேன், பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு) மட்டும் போயிருந்தால் சாய்வாக வெளிச்சம் அடிக்கும்போது மங்கலாகப் படம் தெரியும். அதுவும் இல்லை. ஆகவே கோளாறு பவர் சப்ளையில், அதாவது பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தை மானிட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதியில்.

கழற்றுவதில் ஸ்க்ரூ ஒரு பிரச்சினையே இல்லை, மொத்தம் நான்குதான், ஸ்டாண்டை எடுத்தால் தெரியும். முன்பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள்தான் உயிரை வாங்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தழும்பு விழும், பழைய பிளாஸ்டிக் கார்டை இடுக்கில் விட்டுக் கீழ் மூலையிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். ஒவ்வொரு கொக்கியும் ‘டப்’ என்று விடும்போது உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு ஒருதரம் நிற்கும். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அக்கா, “ரேடியோவைக் கழட்டிப் போட்டியே, அதை முதல்ல மாட்டுடா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பவர் போர்டில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வெளியீட்டுப் பக்கத்தில், அலுமினிய ஹீட்சிங்க்கை ஒட்டி, 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு. கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் குட்டி உருளை, எவ்வளவு தேக்கும் என்பதற்கான அளவுதான் மைக்ரோஃபாரட். தலை தட்டையாக இருக்க வேண்டும். இரண்டிலும் அந்தக் கீறல் குறி போட்ட மூடி சற்றே குவிந்து, விரலால் தடவினால் மேடு தட்டுப்பட்டது. ஒன்றின் மேல் காய்ந்த பழுப்புக் கறை வேறு. 1999 முதல் 2007 வாக்கில் தரக்குறைவான எலக்ட்ரோலைட் (உள்ளே இருக்கும் திரவம்) போட்ட கெப்பாசிட்டர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த கதை தெரிந்திருக்கும், ஆனால் என் மானிட்டர் அந்தக் காலத்தது இல்லை, இது வெறும் வயசுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்ட கெப்பாசிட்டர், 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்ற விதிப்படி, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். தினம் பத்து மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஒன்பது வருடம். என்னுடையது கணக்குக்கு மேலேயே உழைத்திருக்கிறது, பாவம்.

தொடுவதற்கு முன் அந்தப் பெரிய கெப்பாசிட்டர், 120 மைக்ரோஃபாரட் 450 வோல்ட், அதைப் பார்த்துவிட வேண்டும். 230 வோல்ட் ஏசி டயோடுகளைத் தாண்டி வந்தால் உச்சம் சுமார் 325 வோல்ட் டிசி, அதை இதுதான் தேக்கி வைத்திருக்கும். நான் பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, மல்டிமீட்டரில் 3 வோல்ட்தான் காட்டியது. இவ்வளவுதானா என்று கொஞ்சம் தெனாவட்டு வந்தது, பின்னால் அது இறங்கியது.

பழைய கெப்பாசிட்டரைப் பிடுங்குவதுதான் அன்றைய மல்யுத்தம். போர்டில் இருப்பது ஈயம் கலக்காத சால்டர் (கால்களைப் போர்டோடு ஒட்ட வைக்கும் பற்றுலோகம்), உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், அதிலும் நெகட்டிவ் கால் ஒரு பெரிய செப்புப் பரப்பில் போய் உட்கார்ந்திருப்பதால் அயர்ன் கொடுக்கிற சூட்டை எல்லாம் அதுவே குடித்துவிடுகிறது. அதே இடத்தில் 63/37 ஈயச் சால்டரைக் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) கொஞ்சம் உருக்கிச் சேர்த்தேன், அது 183 டிகிரியிலேயே உருகுவதால் கலவை இளகிக் கொடுத்தது, கெப்பாசிட்டரை இப்படியும் அப்படியும் ஆட்டி ஒவ்வொரு காலாக வெளியே எடுத்தேன். என்னிடம் இருந்தது 16 வோல்ட் வகை. வோல்ட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. ஆனால் 8 மில்லிமீட்டர் விட்டம் இருந்த இடத்தில் 10 மில்லிமீட்டர், கால் இடைவெளியும் 3.5க்குப் பதில் 5. காலை உள்பக்கமாக வளைத்துத்தான் உட்கார வைத்தேன். சாதாரண வகை ஆகாது, உள்மின்தடை குறைந்த ‘லோ இஎஸ்ஆர்’ வகைதான் போட வேண்டும். உடம்பில் பட்டை இருக்கும் பக்கம் நெகட்டிவ், எடுக்கும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன், அது இல்லாவிட்டால் இரண்டாவதைத் திருப்பிப் போட்டிருப்பேன்.

சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் விட்டுப்போன பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் காய வைத்து, ஆன் செய்தேன். முதல் அழுத்திலேயே வந்தது. ‘சிக்னல் இல்லை’ என்ற வரியை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே கிடையாது. கொக்கிகளை அழுத்தி மூடிவிட்டேன்.

நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மேசையை நகர்த்துவதற்காக எல்லா பிளக்கையும் பிடுங்கினேன், ஒரு ராத்திரி அப்படியே கிடந்தது. மறுநாள் மாட்டினால் செத்த பிணம். டிக் சத்தம் இல்லை, லைட் சிமிட்டல் கூட இல்லை.

என் சால்டரிங்தான் விட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி கழற்றி, அந்த நான்கு புள்ளிகளையும் திரும்ப உருக்கி, ஒரு மணி நேரம் வீணாக்கினேன். அப்புறம்தான் ஒழுங்காக அளக்க ஆரம்பித்தேன். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. மல்டிமீட்டரின் கிளிப்புகளை முதலில் மாட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டு, பிறகு பிளக்கைப் போட்டேன்: பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட், வெளியீட்டில் பூஜ்யம். பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் இன்னமும் 240 வோல்ட்! போன தடவை சப்ளை திரும்பத் திரும்ப எழ முயன்றுகொண்டே இருந்ததால் தேக்கத்தை அதுவே தின்று தீர்த்துவிட்டது, இப்போது தின்ன ஆள் இல்லை. வேலையே செய்யாத சப்ளையில்தான் ஷாக் அதிக நேரம் காத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக உறை போட்டு இரண்டு கிளிப்போடு செய்து வைத்திருக்கிறேன், அதைப் பத்து நொடி மாட்டிவிட்டு, மீண்டும் அளந்து பார்த்த பிறகுதான் கை வைத்தேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

325 வோல்ட் இருக்கிறது, ஆனால் பவர் சப்ளையை ஓட்டும் கண்ட்ரோலர் சிப் எழவில்லை. ஏன்? அங்கேதான் அந்த ஹேர் டிரையர் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குச் சூடாக்கிய பிறகுதானே ஆன் செய்தேன்! அப்புறம் நான்கு நாளும் பிளக்கைப் பிடுங்கவே இல்லை, ராத்திரி ஸ்டாண்ட்பையில் சப்ளை ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதாவது ஓடுவதில் சிக்கல் இல்லை, குளிர்ந்த நிலையிலிருந்து எழுவதில்தான் சிக்கல். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் சிப் இருக்கும் பகுதியில் மட்டும் இரண்டு நிமிடம் சூடு காட்டி மாட்டினேன். வந்துவிட்டது.

சிப்புக்குப் பக்கத்தில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிக் கெப்பாசிட்டர், 22 மைக்ரோஃபாரட் 50 வோல்ட். தலை தட்டை, கறை இல்லை, புதுசு போல இருந்தது, முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போயிருக்கிறேன். கழற்றி அளந்தால் 3.1 மைக்ரோஃபாரட்தான். சிப் தூக்கத்திலிருந்து எழுவதற்கு இதுதான் முதல் வாய்க் கஞ்சி ஊட்டும்: பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் வழியாக இது மெதுவாக நிரம்பி, குறிப்பிட்ட வோல்ட்டைத் தொட்டதும் சிப் வேலையைத் துவக்கும், டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்று (சிப்புக்கென்றே மின்சாரம் தரும் தனிச் சுற்று) கை கொடுக்கும் வரை இதில் இருப்பதைக் கொண்டுதான் தாக்குப் பிடிக்க வேண்டும். யூசி3842 மாதிரி சிப்பில் 16 வோல்ட்டில் துவங்கும், 10க்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். 22 இருக்க வேண்டிய இடத்தில் 3 இருந்தால், துணைச் சுற்று வருவதற்குள் காலியாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் காய்ந்துபோனது இந்த வகை, வாயு சேர்ந்து வீங்கியது இல்லை, அதனால் வெளியே ஒன்றும் தெரியாது. சூடாக்கினால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். நான்கு மாதம் பல் தேய்த்த கதையில் இதற்கும் பங்கு உண்டா, இல்லை அந்த இரண்டு மட்டும்தானா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

105 டிகிரி வகையில் புது 22 மைக்ரோஃபாரட் போட்டேன், பத்து நிமிட வேலை. இந்தத் தடவை ஹேர் டிரையரைத் தொடவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் பிளக் இல்லாமல் திறந்தபடியே கிடக்கவிட்டு, காலையில் மாட்டி அழுத்தினேன், இரண்டு நொடியில் படம்.

இன்றோடு மூன்று வாரம். வேண்டுமென்றே தினமும் ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைக்கிறேன், ஒரு நாளும் தவறவில்லை. பேக்லைட் பக்கம் 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் ஒன்று இருக்கிறது, தலை தட்டையாகத்தான் இருக்கிறது, அதை நம்பவில்லை, அடுத்த லீவில் கழற்றி அளக்கப் போகிறேன். அதற்கு முன்னால் அக்காவின் ரேடியோ.