மீம் பேப்பர்ல கோட்டை விட்டு ரீசிட்ல தேறின கதை

நேத்து ரீசிட் (ஃபெயிலானா மறுபடி எழுதற பரீட்சை) ரிசல்ட் வந்துடுச்சு, 66. ஆனா ரீசிட்னா என்ன எடுத்தாலும் ட்ரான்ஸ்கிரிப்ட்ல பாஸ் மார்க் 50 தான் ஏறுமாம், அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. இங்க யூகேல கல்ச்சுரல் எவல்யூஷன் (கலாச்சாரம் எப்படிப் பரவி மாறுதுங்கற பாடம்) மாட்யூல் எடுத்து மாட்டிக்கிட்ட நம்ம பசங்களுக்காக எழுதறேன். மீம்ங்கறது (நெட்ல வர ஜோக் மட்டும் இல்ல, ஆளுக்கு ஆள் காப்பி ஆகிப் பரவற கலாச்சாரத் துண்டு) மண்டைக்குள்ள இருக்கற ஐடியாவா, கண்ணுக்குத் தெரியற நடத்தையான்னு ஏதாவது ஒரு ரூபத்துல கேட்டுடுவாங்க.

மே மாசம் எனக்கு 44. மீம்ங்கற வார்த்தையை உண்டாக்கின பயாலஜிஸ்ட்டை வெச்சு, "டாக்கின்ஸ் என்ன சொல்றார்னா"ன்னு ஆரம்பிச்சு மூணு பக்கம் ரொப்பினேன். ஃபீட்பேக்ல ஒரே வரி, எந்த வருஷத்து டாக்கின்ஸ்? அப்பத்தான் உறைச்சுது. 1976ல அவரு ட்யூன், ஐடியா, ட்ரெஸ் ஃபேஷன், பானை வனையற விதம் எல்லாத்தையும் ஒரே கூடைல போட்டு மீம்ங்கறாரு. 1982ல வந்து, மீம்னா மூளைக்குள்ள இருக்கற தகவல், பாட்டும் ஃபேஷனும் அதோட வெளி விளைவு, ஜீனுக்கு ஃபீனோடைப் (ஜீனால வெளிய தெரியற உருவம், குணம்) மாதிரின்னு பிரிச்சுடறாரு. இதையே 1975ல குளோக்னு ஒருத்தர் ஐ-கல்ச்சர் (மண்டைக்குள்ள இருக்கறது), எம்-கல்ச்சர் (வெளிய தெரியற நடத்தை, பொருள்)னு பிரிச்சு வெச்சாச்சு. வருஷம் போடாம டாக்கின்ஸ் பேரை எழுதவே எழுதாதீங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

எதிர்ப்பக்கம் கேதரர்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1998. அடுத்தவன் மண்டைக்குள்ள இருக்கற நம்பிக்கையை எப்படி எண்ணுவ, பாக்க முடிஞ்ச நடத்தையையும் பொருளையும்தான் எண்ண முடியும், அதையே மீம்னு வெச்சுக்கன்னு சொல்ற ஆளு. நானும் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்ங்கற ரகம், அதனால இவரு பக்கம் நின்னேன்.

ரீசிட்ல என்னைக் காப்பாத்தினது ரசம். 1999ல மீம் பத்தி புஸ்தகம் எழுதின பிளாக்மோர் சொன்ன சூப் உதாரணத்தை (சூப்பை ருசி பாத்து வெக்கறதா, ரெசிப்பி பாத்து வெக்கறதா) கிளாஸே எழுதும், நான் எங்க வீட்டு கிச்சனை எழுதினேன். ஹவுஸ்மேட் ஒருத்தன் நான் வெச்ச ரசத்தைக் குடிச்சுப் பாத்தே அதே மாதிரி வெச்சான், இன்னொருத்தி எங்கம்மா வாட்ஸ்அப்ல அனுப்பின அளவைப் பாத்து வெச்சா. அன்னிக்குன்னு பாத்து நான் கைதவறி மிளகுப்பொடியை ரெண்டு மடங்கு கொட்டியிருந்தேன். குடிச்சுப் பாத்தவன் ரசம் இன்னிக்கும் தொண்டையைப் பிடிக்குது, அவன்கிட்ட கத்துக்கிட்டவன் ரசமும் அப்படியே. மெசேஜ் பாத்து வெச்சவ ரசத்துல அந்தக் காரம் இல்ல. பொருளைப் பாத்து காப்பி அடிச்சா தப்பும் சேந்து போகுது, குறிப்பைப் பாத்து அடிச்சா போகல, இதுதான் பிளாக்மோர் சொல்ற வித்தியாசம். அதோட விடாம ரெண்டு கேள்வி போட்டேன். அந்த மெசேஜ் மண்டைக்குள்ளயும் இல்ல, நடத்தையும் இல்ல, போன்ல கிடக்கு, அதை என்னன்னு சொல்றது? மூணு வாரம் யாரும் ரசமே வெக்கலன்னா கேதரர் கணக்குல மீம் செத்துப்போச்சா? நம்ம ஆளையே நாமளே குத்தணும், மார்க் அங்கதான் வந்துச்சு.

மிச்சம் துண்டு துண்டா:

- 3 மணி நேரத்துல 3 கேள்வி, மீம் கேள்விக்கு 55 நிமிஷத்துக்கு மேல குடுக்காதீங்க.
- வடிவேலு டெம்ப்ளேட்டோட ஆரம்பிக்காதீங்க. மே மாசம் அதையும் பண்ணேன்.
- 1921ல இங்கிலாந்துல பால் பாட்டில் மூடியைத் திறந்த டிட் குருவி கதை வேணும்னா, அது ஒண்ணைப் பாத்து ஒண்ணு அடிச்ச காப்பியே இல்லாம இருக்கலாம்ங்கற வாதத்தையும் சேத்து எழுதுங்க, இல்லன்னா விட்டுடுங்க.
- மீம் காப்பி ஆகுதுங்கறதையே கேள்வி கேக்கற ஸ்பெர்பருக்கு ஒரு பாரா போதும். காப்பி ஆகுதா, இல்ல ஒவ்வொருத்தனும் மண்டைக்குள்ள புதுசா கட்டிக்கறானா.
- குரூப் ஸ்டடி வேண்டாம். எனக்கு ஒத்து வரல.
- மீமுக்குன்னே 1997ல ஆரம்பிச்ச ஜர்னல் 2005ல நின்னே போச்சு, அதுக்குத்தான் நான் ரெண்டு தடவை பரீட்சை எழுதியிருக்கேன்.