அப்பாவின் மாத்திரைகளும் ஒரு விண்ணப்பப் படிவமும்

அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 64. இருவருக்கும் மருத்துவக் காப்பீடு எடுக்கச் சென்ற மாதம் உட்கார்ந்தபோது, காப்பீட்டுத் தொகை எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு என்ற இரண்டு எண்களைத்தான் நானும் முதலில் ஒப்பிட்டேன். நான்கு பாலிசிகளின் நிபந்தனைகளை வரி விடாமல் படித்த பிறகு, வயதானவர்களைப் பொறுத்தவரை அவை கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்கள் என்று தோன்றியது.

முதலில் பார்க்க வேண்டியது, பில் வரும்போது நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது. முதியோர் பாலிசிகள் பலவற்றில் கோ-பேமென்ட் என்ற நிபந்தனை இருக்கிறது. அது 20% என்றால், காப்பீட்டுத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஏற்கப்பட்ட ஒவ்வொரு கிளெய்மிலும் ஐந்தில் ஒரு பங்கை நாமே கட்டியாக வேண்டும். நான் பார்த்தவற்றில் பிரீமியம் மிகக் குறைவாக இருந்த பாலிசியில்தான் இந்த விகிதம் மிக அதிகமாக இருந்தது.

அறை வாடகை வரம்பு இதைவிடச் சிக்கலானது. நாளொன்றுக்கு 5,000 வரை என்று பாலிசி சொல்ல, நாம் 10,000 வாடகையுள்ள அறையில் தங்கினால், கூடுதலான 5,000 மட்டும்தான் நம் செலவு என்று நினைத்துவிடுவோம். பல மருத்துவமனைகளில் அறையின் தரத்தைப் பொறுத்தே மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்குக் கட்டணமும் உயர்வதால், வரம்புள்ள சில பாலிசிகளில் அந்தக் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் பாதியைத்தான் நிறுவனம் தரும், மீதி நம் தலையில்தான். கண்புரை, மூட்டு மாற்று போன்ற, முதுமையில் அதிகம் தேவைப்படும் சிகிச்சைகளுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலிசி எடுத்த பிறகும் சில நோய்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரை கிளெய்ம் செய்ய முடியாது என்னும் காத்திருப்புக் காலம் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஆனால் அது ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மட்டுமல்ல. கண்புரை, குடலிறக்கம் போன்ற சிலவற்றுக்கு, பாலிசி எடுக்கும் நாளில் அவை இல்லாவிட்டாலும், தனியாக ஒரு காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறார்கள். ஐம்பதுகளிலேயே எடுத்திருந்தால் அந்த ஆண்டுகள் அலுங்காமல் கழிந்திருக்கும் என்று நான் நொந்துகொண்டதுதான் மிச்சம்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது விண்ணப்பப் படிவம்தான். ஏதேனும் நோய் உண்டா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லப்பா" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் மாத்திரை சாப்பிடும் ரத்தக் கொதிப்பு, காபி குடிப்பதைப் போல அவருடைய அன்றாடத்தில் ஒன்றாகிவிட்டது. அதை நோய் என்று அவர் எண்ணுவதே இல்லை. ஆகவே கேள்வியை மாற்றி, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் எதற்கு, எந்த ஆண்டிலிருந்து என்று கேட்டுப் பழைய மருந்துச் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்து எழுதினேன். ஒன்பது அட்டைகள் தேறின. மறந்தே போயிருந்த ஒரு பித்தப்பை அறுவை சிகிச்சையும் அப்போதுதான் வெளியே வந்தது.

முகவர், ரத்தக் கொதிப்பை எழுத வேண்டாம், பிரீமியம் ஏறும் என்றார். ஏறத்தான் செய்தது. ஆனால் மறைத்தது பின்னால் தெரியவந்தால் கிளெய்மை மறுக்கவும் பாலிசியையே ரத்து செய்யவும் நிறுவனத்துக்கு அது காரணமாகிவிடும். அத்தகைய பாலிசிக்குக் கட்டும் பிரீமியம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வீண்தான்.

என்னுடைய பாலிசியிலேயே இருவரையும் சேர்த்துவிடலாமா என்றும் யோசித்தேன். குடும்பத்துக்கு ஒரே தொகை என்னும் பாலிசிகளில் பெரும்பாலும் மூத்தவரின் வயதை ஒட்டியே பிரீமியம் அமைவதாலும், ஒருவரின் நீண்ட சிகிச்சை மற்றவர்களுக்கான தொகையைக் கரைத்துவிடும் என்பதாலும், தனித்தனியாகவே எடுத்தேன்.

பாலிசி வந்து சேர்ந்ததும், நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு நோயும் அதில் அச்சாகியிருக்கிறதா என்று சரிபார்த்தேன். அம்மாவின் தைராய்டு விடுபட்டிருந்தது. படிவத்தின் நகலை இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறாவது நாள் திருத்திய பிரதி வந்தது. அதையும் மாத்திரைப் பட்டியலையும் ஒரே உறையில் போட்டு அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன்.