பாரிமுனை நெரிசல்

ஆண்டர்சன் தெருவில் காகித பண்டல் ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. வண்டிக்காரர் யாரையும் கண்டுகொள்ளாமல், கயிற்றைக் காலால் மிதித்து இறுக்கி, சரிந்த கட்டை நிமிர்த்திக் கொண்டிருந்தார்.

"இருங்க சார், சரிஞ்சா உங்க கால்லதான் விழும்."

சரி என்று நின்றேன்.

இந்தப் பேட்டையை நகரத்தின் தொடக்கம் என்போம். உண்மையில் இது இரண்டாவது. உள்ளூர் மக்கள் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்றார்கள். முதல் கறுப்பர் நகரம் ஜார்ஜ் கோட்டையை ஒட்டியே இருந்தது. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749ல் ஒப்பந்தப்படி அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. பீரங்கிக்குக் குறுக்கே இனி வீடு இருக்கக் கூடாது என்று அந்த ஊரையே இடித்துத் தள்ளினார்கள். இன்று உயர் நீதிமன்றம் இருப்பது அங்கேதான். இதைத் தாண்டிக் கட்டாதே என்று 1773ல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் உள்ள டேர் ஹவுஸ் கட்டட வளாகத்தில் இன்னும் நிற்கிறது. எத்தனை பேர் பார்த்திருப்போம்?

பக்கத்தில் ஆர்மீனியன் தெரு. தேவாலயம் 1772ல் கட்டியது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794ல் மதராஸில்தான் வெளிவந்தது. நடத்திய பாதிரியாரின் கல்லறையும் அந்தத் தேவாலயத்திலேயே. அச்சுக்கும் இந்தப் பேட்டைக்கும் பழைய சிநேகம்போல. இன்றும் கல்யாணப் பத்திரிகை என்றால் ஆண்டர்சன் தெருதான்.

அப்புறம், 1996ல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசல் தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள்.

எங்கே! இடித்தாலும் இடம் மாற்றினாலும் இங்கே ஒரு வியாபாரம் போனால் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது.