புது சர்வரில் தமிழ் உடைந்தால்: முதலில் பைட்டை எண்ணுங்கள்

பழைய ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒழுங்காக ஓடிய தமிழ் வேர்ட்பிரஸ் தளம், புது சர்வருக்குப் போனதும் கேள்விக்குறிகளாகத் தெரியும். இல்லாவிட்டால் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் ® குறியும் மாறிமாறி வரும். உடனே மறுபடி இம்போர்ட் செய்வது, பதிவைத் திறந்து சேவ் கொடுப்பது இரண்டையும் தவிர்க்க வேண்டும். சரியாக இருந்த தரவும் அதில்தான் கெடுகிறது.

எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியாக 3. வேர்ட்பிரஸின் தரவைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில், 5.7 வரை இயல்பான கேரக்டர் செட் (எழுத்துக் குறியாக்க முறை) லத்தீன்1; அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. 2018-ல் வந்த 8.0-தான் அதை யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8-ன் பெயர்) ஆக்கியது. பழைய தளங்கள் பலவற்றில் லத்தீன்1 என்று பெயர் ஒட்டிய ஃபீல்டுக்குள் தமிழ் பைட்டுகள் கிடக்கும். தளத்துக்கும் டேட்டாபேஸுக்கும் இடையிலான இணைப்பும் லத்தீன்1 என்பதால் போட்டது போட்டபடி திரும்பி வரும், யாருக்கும் தெரியாது. புது சர்வரில் இணைப்பு மாறியதும் குட்டு வெளிப்படுகிறது.

திரையில் தெரிவதை வைத்து முடிவு செய்ய முடியாது. டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவியான பிஎச்பிமைஅட்மினின் எஸ்க்யூஎல் பக்கத்தில், ஒரு பதிவின் தலைப்புக்கு லெங்த், கேர்_லெங்த் என்ற இரண்டு ஃபங்ஷன்களையும் ஓட்டுங்கள். முதலாவது பைட்டை எண்ணும், இரண்டாவது குறியை. தலைப்பு 'அம்மா' என்றால் குறிகள் 5: அ, ம, புள்ளி, ம, துணைக்கால்.

15-ம் 5-ம் வந்தால் தரவு பத்திரம். திரையில் கேள்விக்குறி தெரிந்தாலும் தவறு இணைப்பில்தான்; டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டிபி_கேர்செட் வரியை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் போதும். 5-ம் 5-ம் வந்தால் உள்ளே இருப்பது நிஜமான கேள்விக்குறிகளே. பழைய பேக்கப்பைத் தேடுவது தவிர வழியில்லை.

15-ம் 15-ம் என்றால் பைட்டுகள் சரி, ஒட்டிய பெயர் தவறு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டேபிளை நேரடியாக யுடிஎஃப்8எம்பி4-க்கு கன்வர்ட் செய்தால் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு மறுபடி குறியாக்கம் செய்யும். எண்ணிக்கை 31-ம் 15-ம் ஆகும். சரியான வழி, ஃபீல்டை முதலில் பிளாப் (வெறும் பைட்டுகளை வைக்கும் பைனரி வகை) ஆக்கி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் ஆக்குவது. பைனரிக்கு மாறும்போது எந்த மாற்றமும் நடக்காது. ஃபீல்டின் வகை டெக்ஸ்ட் என்றால் பிளாப், லாங்டெக்ஸ்ட் என்றால் லாங்பிளாப். பதிவின் உள்ளடக்கத்தை வெறும் பிளாப் ஆக்கினால் 65,535 பைட்டோடு நறுக்கிவிடும், அல்லது பிழை காட்டி நிற்கும். நீண்ட தமிழ்க் கட்டுரைக்கு அது போதாது.

31-ம் 15-ம் வந்தால் ஏற்கெனவே இரட்டைக் குறியாக்கம் நடந்துவிட்டது. லத்தீன்1-க்குத் திருப்பி, பைனரியாக்கி, யுடிஎஃப்8எம்பி4 ஆக்கும் அப்டேட் ஒன்று போதும். ஆனால் ® குறியோடு உடைந்த வரிசைகளுக்கு மட்டும்! மாற்றிய பிறகு எழுதிய நல்ல பதிவுகள்மீது அதே அப்டேட் ஓடினால் அவை கேள்விக்குறியாகிவிடும். காணாமல் போன விட்ஜெட்டுகள் பெரும்பாலும் இத்துடன் திரும்பிவிடும்: சீரியலைஸ் செய்த (ஒரே சரமாகக் கோத்து வைத்த) தரவில் நீளம் பைட் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது, எண்ணிக்கை பொருந்தாததால்தான் பிஎச்பி அதை ஒதுக்கியது.

எதைத் தொடுமுன்னும் டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து வைப்பது சொல்லாமலே தெரிந்ததுதான். மைஎஸ்க்யூஎல் 8-லிருந்து அதிலிருந்து பிரிந்த டேட்டாபேஸான மரியாடிபியின் பழைய பதிப்புக்குப் போகிறவர்களுக்கு 1273 என்ற பிழையும் வரும். டம்பில் 0900 என்று வரும் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) பெயரை யூனிகோட்_சிஐ வகைக்கு மாற்றினால் போய்விடும்.

பதிவின் ஸ்லக் (இணைய முகவரியில் வரும் பெயர்) ஃபீல்டைத் தொடவே வேண்டாம். தமிழ் முகவரி அங்கே சதவீதக் குறி வடிவில் வெறும் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்தாக இருப்பதால் இந்தக் கூத்து எதுவும் அதைப் பாதிப்பதில்லை. ஒரு தமிழ்க் குறிக்கு அங்கே 9 இடம், மொத்தம் 200. நீண்ட தலைப்புகளின் முகவரி 22 குறிகளுக்குள் பாதியில் நிற்பது அதனால்தான், சர்வர் மாற்றத்தால் அல்ல.