வாடகை வீட்டுக்குள் ரெசின் வாளி

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிற என் சீதன வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டு அமிர்தகழியில் இருக்கிறேன். வாடகைக்கு இருக்கிற தம்பி பைபர் போட் திருத்துகிறவர். உடைந்த இடத்துக்குக் கண்ணாடிநார் மெற் வைத்து, ரெசின் என்கிற இறுகும் பசை பூசி, தேய்த்து, பெயின்ற் அடித்துக் கொடுப்பார். சொந்தமாக ஒரு சின்னப் போட்டும் உண்டு. வாடகை தவறியதில்லை, பெண்சாதி வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறாள். அந்தச் சனத்தை வீட்டை விட்டு எழுப்பாமல், அவர்கள் அறைக்குள் சேர்ந்திருந்த எரிகிற சாமான்களை மட்டும் எப்படி வெளியே எடுத்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். கரையோரத்தில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இது உதவும்.

மாரி தொடங்கியிருந்த நேரம். பக்கத்து வீட்டு மாமி போன் எடுத்தா. "புள்ள, உன்ட வீட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறக்க ஏலாமக் கிடக்கு. பெயின்ற் மணமெண்டா பரவாயில்ல, இது தலையிடிக்கிற மணம். மறுகா என்னெண்டு நீயே வந்து பார்." வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் போகக்கூடாது. முதல் நாளே அந்தத் தங்கச்சிக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பின் அறையில், சாமியறைக்கு அடுத்த சுவரோரம், ரெசின் வாளிகள். பக்கத்தில், ரெசின் பட்ட கையும் கருவியும் கழுவுகிற அசிற்றோன் கான். ஒரே தட்டில் ரெசினை இறுகவைக்கிற ஹாட்னர் போத்தல்களும், அதைக் கெதியாக இறுகச் செய்கிற ஊதா நிறக் கோபால்ட் போத்தலும். மற்றச் சுவரோரம் மண்ணெண்ணெய்க் கலன்கள், பெற்றோல் கலன் ஒன்று, மூடி இல்லாத வெறுங்கலன்கள் சில. எல்லாவற்றுக்கும் மேலே, லெமனேட் போத்தல் ஒன்றில் தண்ணீர் மாதிரி ஏதோ. அது தின்னர். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஏன் உள்ளே வந்தது என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. கோடையில் வேலையெல்லாம் வாவிக்கரையில், மர நிழலில் நடக்கும். வாடைக்காற்றுத் தொடங்கினால் கடல் பெருக்கு, போட்டெல்லாம் கரையில். திருத்த வேலை குவிகிற காலமும் அதுதான். மழை ஈரத்தில் ரெசின் சரியாக இறுகாது. அதனால் சின்ன உறுப்புகளைக் கொண்டுவந்து அறைக்குள் பூசுகிறார், சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்திவிடுகிறார். மண்ணெண்ணெய் சேர்க்கிற பழக்கம் 2022இல் வந்தது. இங்கே போட் எஞ்சின்கள் பலதும் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. அந்த வருஷம் மண்ணெண்ணெய் இல்லாமல் கடலுக்குப் போகாமல் இருந்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன். ஓகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. அதற்குப் பிறகு கிடைக்கிற நேரம் வாங்கி வைக்காதே என்று ஒரு மீன்பிடிகாரரிடம் யார் சொல்வது?

போட் கட்டுகிற இடத்தில் பல காலம் வேலைசெய்த சொந்தக்கார அண்ணன் ஒருவரைக் கூட்டிப்போய், ஒவ்வொன்றும் என்னவென்று கேட்டேன். நான் பயந்தது மண்ணெண்ணெய்க்கு. அவர் சிரித்தார். உள்ளே இருந்ததில் அதுதான் பொறுமையான சாமானாம். ஒரு திரவம் எந்தச் சூட்டில் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும் என்று ஒரு கணக்கு உண்டு. மண்ணெண்ணெய்க்கு அது 38 பாகைக்கு மேலே. ரெசினில் இருக்கிற ஸ்ரைரீனுக்கு 31, 32 பாகை. சித்திரை வைகாசியில் நம்முடைய மத்தியான வெயிலே அதைத் தாண்டும். அசிற்றோனுக்குச் சுழியத்துக்குக் கீழே 20 பாகை அளவு, பெற்றோலுக்குக் கீழே 40. அதாவது பிந்தின இரண்டும் எந்த நேரமும் ஆவி விட்டபடிதான் இருக்கும்.

அந்த ஆவி காற்றை விடப் பாரம். மேலே போகாது, தரையோடு ஊர்ந்து கதவிடுக்கால் அடுத்த அறைக்குப் போகும். தரையில் என்ன இருக்கும்? நுளம்புத்திரி. அடுத்த அறையில்? சாமி விளக்கு. கரண்ட் போனால் மெழுகுதிரி. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரமும் அவர் வேலை முடித்துக் கை கழுவுகிற நேரமும் ஒன்றுதான். 2021 கடைசியில் காஸ் சிலிண்டர்கள் வெடித்தபோது குசினிக்குள் போகவே பயந்த சனம் நாங்கள். இந்த அறையைப் பற்றி ஒருவருக்கும் பயமில்லை.

ஹாட்னரும் கோபால்ட்டும் ஒரே தட்டில் இருந்ததைக் கண்டதும்தான் அண்ணனின் சிரிப்பு நின்றது. ஹாட்னர் ஒரு பெரொக்சைட். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி, அது நன்றாகக் கலந்த பிறகுதான் ஹாட்னர் விடவேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் சீறி வெடிக்கும். ஒரு போத்தல் சரிந்தால் போதும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். மிஞ்சிய ரெசினை வாளியோடு விட்டால் அது இறுகும்போது தானாகச் சூடேறிப் புகைக்கும், சிலவேளை பற்றியும் விடும். இதெல்லாம் அந்தத் தம்பிக்கும் தெரியும், தொழில்காரன்தானே. வேலைத்தளத்தில் தெரிந்தது வீட்டுக்குள் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருக்கிற என் தம்பி போனில் தந்த ஆலோசனை: பூட்டை மாத்து, கரண்டை வெட்டு, தானா எழும்புவான். சட்டத்தரணியிடம் கேட்டேன். அவ சொன்னா, அப்படிச் செய்தால் நீங்கள்தான் நீதிமன்றத்தில் நிற்பீர்கள் என்று. குடியிருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்றினால் அவர் இரண்டு மாதத்துக்குள் முதனிலை நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்கைக் கொண்டுவந்து திரும்பவும் உள்ளே வரலாம். எழுப்புவதென்றால் நோட்டீஸ், வழக்கு, தீர்ப்பு என்று முறையாகப் போகவேண்டும், அதற்கு வருஷக்கணக்கில் எடுக்கும். அதுவரை சாமான் அறைக்குள்ளேயே இருக்கும்.

எங்கள் உடன்படிக்கையில் "சட்டவிரோதமான பொருட்கள் வைக்கக்கூடாது" என்று ஒரு வரி இருந்தது. எல்லா வாடகை உறுதியிலும் வருகிற வரி அது, ஒன்றுக்கும் உதவாது. ரெசின் சட்டவிரோதமா? மண்ணெண்ணெய்? கையில் பிடிக்கக்கூடியதாக இருந்தது "குடியிருப்புக்கு மாத்திரம்" என்ற மற்ற வரி. அறையைப் பட்டறையாக்குவது அதற்கு மாறு.

மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவில் போய்க் கேட்டேன். ஒருவர் வந்து பார்த்தார். முறைப்பாடு எழுதவில்லை, ஆரையும் அதட்டவில்லை. முதலில் அசிற்றோன், பெற்றோல், ஹாட்னர் மூன்றும் வெளியே போகட்டும், மற்றவை பிறகு என்று ஒழுங்கு சொன்னார். வெறுங்கலனைத்தான் கூடக் கவனிக்கச் சொன்னார்: நிறைந்த கலனில் ஆவிக்கு இடமில்லை, வெறுங்கலன் முழுக்க ஆவிதான். பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து பரவும். மணல் போடுங்கள், உலர்தூள் சிலிண்டர் ஒன்று வாங்கி வாசல் பக்கம் வையுங்கள் என்றார். கல்லடியில் மணலுக்கா பஞ்சம்!

பேச்சுத்தான் நீண்டது. வாடகைக்கு இருக்கிற தம்பியின் பயம் நெருப்புக்கு அல்ல, கள்வருக்கு. "அக்கா, கரையில வைச்சா விடியக்குள்ள இராது. ஒரு ஹாட்னர் போத்தலெண்டாலும் எடுத்துப் போயிருவானுகள். நான் ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற?" அவர் சொல்வதில் பொய்யில்லை. எஞ்சினையே கழற்றிக்கொண்டு போகிற காலம். தனியாக ஒரு கடையோ பட்டறையோ வாடகைக்கு எடுக்க அவர் வருமானம் காணாது. அதட்டிக் கேட்டிருந்தால் எனக்குத் தெரியாத ஒரு இடத்தில், கட்டிலுக்குக் கீழே என்றாலும், ஒளித்து வைத்திருப்பார். அதுதான் எனக்குக் கூடப் பயம்.

பேச்சைத் திருப்பியது அவர் பெண்சாதி. "சின்னவன் ராவைக்கு மூச்சு இழுக்கிறான் அக்கா. நான் சொன்னாக் கேக்கிறாரில்ல. நீங்க சொல்லுங்க." அதற்குப் பிறகு எங்கே வைப்பது என்றுதான் கதைத்தோம், வைப்பதா இல்லையா என்று கதைக்கவில்லை.

மண்ணெண்ணெய் முழுவதும் அவர் முதலாளியின் வாடிக்கு, அதாவது கரையில் மீன்பிடிச் சாமான் வைக்கிற கொட்டகைக்குப் போனது. அங்கே ராக்காவல் உண்டு. ரெசின் வேலை வளவுக்குள்ளேயே இல்லை, கரையில் படங்கு கட்டித்தான். பூட்டி வைக்கவேண்டிய கொஞ்சச் சாமானுக்கு வளவின் மூலையில் தகரக் கூரை போட்டு ஒரு சின்னக் கொட்டில் கட்டினோம். சாமான் செலவு என்னுடையது, வேலை அவருடையது. வீட்டுக்கும் வேலிக்கும் எட்ட, கிணற்றுக்கு மற்றப் பக்கம். எங்கள் மணல் எதையும் தடுக்காது; ஊற்றியது சில அடியில் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டுவிடும். அதனால் கீழே கொங்கிறீட் போட்டு, சிந்தினால் நிற்க நாலு பக்கமும் வரம்பு கட்டினோம். சுவரின் அடிப்பாகம் கம்பிவலை. ஆவி கீழே நிற்பதால் காற்றோட்டமும் கீழேதான் வேண்டும். ஹாட்னர் ஒரு மூலையில், கோபால்ட் எதிர் மூலையில் தனிப் பெட்டியில்.

சாமான் மாற்றிய நாள், அறைச் சுவிச்சைத் தொடாமல் வெளியே இருக்கிற மெயினை நிறுத்தினோம். சாமி விளக்கு ஏற்றவில்லை. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கனநேரம் விட்டுத்தான் உள்ளே போனார்கள். அசிற்றோன் துடைத்த துணிகளைத் தண்ணீர் விட்ட தகர டின்னில் போட்டு மூடினோம். பழைய ஹாட்னரை வாங்கின கடையே திருப்பி எடுத்தது. கேட்காவிட்டால் எடுத்திருக்கமாட்டார்கள். லெமனேட் போத்தலில் இருந்த தின்னரை உரிய கானில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டினார்.

புது உடன்படிக்கையைச் சட்டத்தரணியே நொத்தாரிசு என்பதால் அவவே எழுதினா. நான் கேட்டுப் போட்ட வரிகள் இவை: வீட்டுக்குள் பெற்றோல், தின்னர், அசிற்றோன், ரெசின், ஹாட்னர் எதுவும் வைப்பதில்லை, பெற்றோல் மோட்டார்சைக்கிள் தாங்கியில் மட்டும். சமையலுக்கு ஒரு காஸ் சிலிண்டர் பாவனையில், ஒன்று மாற்றுக்கு. கொட்டிலில் என்ன வைக்கலாம், எவ்வளவு என்று பட்டியல். குடிபானப் போத்தலில் எதையும் ஊற்றி வைப்பதில்லை. முதல் நாள் அறிவித்துவிட்டு நான் வந்து பார்க்கலாம். பொருளின் பெயரைச் சொல்லி எழுதினால்தான் பிறகு கதைக்க முடியும்.

வாடகையைக் கூட்டவில்லை. இந்த மாரியில் படங்குக்குக் கீழே மழை பலத்தால் வேலை நிற்கிறது, அவர் வருமானம் குறைகிறது. மார்கழி வாடகை பிந்தும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். நானும் ஓம் என்றிருக்கிறேன்.